"பேசாமல்" காப்பகத்தில் சேர்ப்பதா?

நடுவர் அவர்களே, அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணைக் குடும்ப வன்முறையிலிருந்து காப்பது காப்பகமா, அவள் பேச்சுக்குத் துணை நிற்பதா என்பது தலைப்பு. எதிரணித் தோழி சொன்னார்: "நேற்று அடித்தார் என்கிறாள், இன்று இல்லை என்கிறாள். இவளை வைத்து எப்படி வழக்கு நடத்துவது? பேசாமல் காப்பகத்தில் சேருங்கள்." அந்தப் 'பேசாமல்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அவள் ஏன் மாற்றிச் சொல்கிறாள்? ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்று நினைத்து மாற்றுகிறாள். "அடித்தாரா?" என்றால் கேட்டவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். பக்கத்தில் மாமியார் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே மாமியாருக்கு வெளியே ஒரு நாற்காலி போடுங்கள். "நேற்று ராத்திரி வீட்டில் என்ன நடந்ததும்மா?" என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். (பட்டிமன்றக்காரர்களுக்கு அது கஷ்டம்தான்.) மணி கேட்காதீர்கள், "அப்போது டிவியில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். சீரியல் பெயரைச் சொன்னால் நேரம் தெரிந்துவிடும். எங்கே அடி என்பதற்கு ஓர் உருவம் வரைந்து கொடுங்கள், விரல் வைத்துக் காட்டுவாள். சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். "முடியைப் பிடிச்சு இழுத்தாரு" என்றதை "துன்புறுத்தினார்" என்று நீங்கள் திருத்தினால், குறுக்கு விசாரணையில் "துன்புறுத்தல் என்றால் என்னம்மா?" என்பார்கள். அவள் விழிப்பாள், வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரோ வேறு எவரோ அவள் சார்பில் மனுப் போடலாம். 19ஆம் பிரிவில் அடித்த கணவனையே வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அப்புறம் இவள் ஏன் பெட்டி கட்ட வேண்டும்? பாலியல் குற்றமென்றால், குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான 2023 பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி போலீஸ் அவள் இருக்கும் இடத்துக்கே வந்து, சிறப்பு ஆசிரியர் உடனிருக்க, வீடியோவில் பதிய வேண்டும்.

உயிருக்கு ஆபத்தென்றால் அன்றே வெளியேற்றத்தான் வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் அவள் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவள் என்றால், அது பையில் இருக்கிறதா பாருங்கள், திடீரென நின்றால் வலிப்பு வரலாம். உதவித்தொகை வரும் ஏ.டி.எம். கார்டு யார் கையில் என்றும் கேளுங்கள்.

உத்தரவு வாங்கியதோடு வேலை முடியாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை என்பது அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. மீறப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்தால்தானே புகார் வரும்? எனவே உத்தரவை இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: "அவர் இந்தக் கதவுக்குள் வரக்கூடாது. வந்தால் போனில் இந்தப் படத்தை அழுத்துங்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போகும்." வாரம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு அக்காவின் எண்ணில்.