விடுபட்ட இரண்டு எழுத்து: ‘தி ராங் மேன்’

வணக்கம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1956இல் எடுத்த ‘தி ராங் மேன்’ படத்தில் ஒரு காட்சி என் தூக்கத்தையே கெடுத்திருக்கிறது. அதில் துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை. ஒரு மேசை, ஒரு தாள், அவ்வளவுதான்.

முதலில் கதை. மேனி பாலஸ்ட்ரேரோ நியூயார்க்கில் ஸ்டார்க் கிளப் என்ற இரவு விடுதியில் பேஸ் என்ற தந்திக் கருவி வாசிப்பவர். மனைவி ரோஸின் பல் வைத்தியத்துக்கு 300 டாலர் வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் கிடைக்குமா என்று ஆபீஸில் கேட்கப் போகிறார். கவுன்ட்டரில் இருக்கும் பெண்களுக்கு அவரைப் பார்த்ததும் குலை நடுங்குகிறது. முன்பு அங்கே கொள்ளையடித்தவன் இவன்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வீட்டு வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. யாரும் அடிக்கவில்லை. தப்பு செய்யாதவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தன்மையாகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தன்மைதான் பயமாக இருந்தது.

(திரையில்: தாளும் எழுதும் கையும்)

இதுதான் அந்தக் காட்சி. கொள்ளைக்காரன் நீட்டிய சீட்டில் இருந்ததை அதிகாரி சொல்லச் சொல்ல, மேனி எழுத வேண்டும். பணம் இருக்கும் ‘டிராயர்’ என்ற ஆங்கிலச் சொல்லில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டு ‘டிரா’ என்று எழுதுகிறார். அசல் சீட்டிலும் அதே பிழை! நாம் யாரும் பதற்றத்தில் செய்யக்கூடிய பிழைதான். ஆனால் அதற்கப்புறம் அவர் சொல்வது எதுவும் எடுபடவில்லை.

இது கற்பனை இல்லை. 1953இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நிஜமாகவே நடந்தது. அதனால்தான் ஹிட்ச்காக் படத்தின் தொடக்கத்தில் நிழலுருவமாக வந்து, இது உண்மைக் கதை என்று தானே சொல்கிறார். மேனியாக ஹென்றி ஃபோண்டா. சிறையறைச் சுவரில் சாய்ந்து அவர் கண்ணை மூடும்போது, கேமரா அவர் முகத்தைச் சுற்றிச் சுழல ஆரம்பிக்கிறது. வேகம் ஏறிக்கொண்டே போகிறது. நமக்கே தலை சுற்றும்.

சரி, இனி முடிவைச் சொல்லப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மேனி இயேசுவின் படத்தைப் பார்த்து ஜெபிக்கிறார். மேனியின் முகத்தின் மேலேயே ஒரு தெரு தெரிகிறது. அங்கிருந்து ஒருவன் நடந்து வருகிறான். அவன் முகம் மெல்ல மெல்ல மேனியின் முகத்தோடு பொருந்துகிறது. அவன்தான் நிஜக் கொள்ளைக்காரன். மாட்டிக்கொள்கிறான்.

இதற்குள் ரோஸ் மனம் உடைந்து மருத்துவமனையில் இருக்கிறாள். ரோஸாக நடித்த வேரா மைல்ஸ் அந்த வெறித்த பார்வையை எங்கிருந்து கொண்டுவந்தாரோ! விடுதலைச் செய்தியைச் சொல்ல மேனி ஓடி வருகிறார். ரோஸ் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.