பக்கவாதம் வந்த வீட்டுக்கு மறுபடி ஒருமுறை போங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கூட்டம் வரும். ஆப்பிள் வரும், ஹார்லிக்ஸ் வரும். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆனால் யாரையும் காணோம். பாரம் ஏறுவதே அப்போதுதான். குளிப்பாட்ட வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் தலையில்தான் இது விழுகிறது.

உடம்பு வேலையைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். "இவர் இப்படிக் கத்துற ஆளே இல்ல சார்" என்று சொல்லும்போதுதான் குரல் உடைகிறது. பக்கவாதம் வந்தவர்களில் சிலர் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே ஓவென்று அழுவார்கள். துக்க வீட்டில் சிரித்துவிடுவார்கள். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் மூளைப் பாதை அடிபட்டதால் வருவது இது. ஏன், எதற்கு என்று துருவாமல் பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பல நேரம் அடங்கிவிடும். இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் வலது கை, காலோடு பேச்சும் போகலாம். பலருக்கு நாம் சொல்வது புரியும், பதில்தான் வராது. காபியா, டீயா என்று கேட்டால் காத்திருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. பயிற்சிக்கு வர மறுத்தால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து விளக்கினாலே அந்த அம்மாவின் முகம் தெளிவதைப் பார்க்கிறேன்.

அப்புறம், பார்க்கப் போகிற சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "பிரஷர் மாத்திரை ஒழுங்கா குடுத்தியா?" என்ற விசாரணை வேண்டவே வேண்டாம். அதே கேள்வியை அவர் தினமும் தனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "எங்க ஊர்ல ஒருத்தர் பதினஞ்சே நாள்ல எழுந்து நடந்தார்" என்ற கதையும் வேண்டாம். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "அண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில நான் அண்ணன்கூட இருக்கேன், நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மனசு தாங்கவில்லையா, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிக்குத்தான் என்றில்லை, பார்த்துக்கொள்கிறவரும் தனக்காகக் கூப்பிடலாம். வணக்கம்.