19 புள்ளியும் ஒரு பாக்கிப் பட்டியலும்

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கால்பந்து அணி ஒரு பருவத்தில் 38 ஆட்டம் ஆடியது. 7 வெற்றி, 7 டிரா, 24 தோல்வி. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. அப்படியானால் எவ்வளவு? 28. ஆனால் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் தட்டான பிரீமியர் லீக்கின் 2009-10 அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் இருக்கும் போர்ட்ஸ்மவுத் அணிக்கு நேரே 19 என்று போட்டிருக்கும். அச்சுப் பிழை இல்லை. அந்த 9 புள்ளி மைதானத்தில் போனதல்ல, கணக்குப் புத்தகத்தில் போனது.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் பற்று வரவு எழுதிப் பிழைத்தவன். மற்றவர்கள் கோல் பார்ப்பார்கள், நான் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்று பார்ப்பேன். கெட்ட பழக்கம்தான். ஆனால் இந்தக் கதைக்கு அந்தக் கண் உதவும்.

போர்ட்ஸ்மவுத் இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கடற்படை ஊர். ஊரின் பெரும்பகுதி ஒரு தீவின்மேல் இருக்கிறது. அணியின் செல்லப் பெயர் பாம்பி. 1898இல் தொடங்கிய கிளப். மைதானத்தின் பெயர் ஃப்ராட்டன் பார்க். சுமார் 20,000 பேர்தான் கொள்ளும். சுற்றிலும் வரிசை வீடுகள், நடுவில் மைதானம். நகர மண்டபக் கடிகாரத்தின் மணியோசை மெட்டிலேயே ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே பாட்டுதான். 1949, 1950 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து இங்கிலாந்து சாம்பியனாக இருந்த அணி அது. அதன் பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகு பணம் வந்தது. வந்தது பணமா கடனா என்று கேட்டால், அங்கேதான் விஷயமே இருக்கிறது.

2006இல் அலெக்ஸாண்டர் கய்டமாக் என்பவர் கிளப்பை வாங்கினார். அணியைத் தேர்ந்தெடுத்து நடத்தும் மேனேஜர் ஹாரி ரெட்னாப். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். 2008 மே மாதம் லண்டன் வெம்பிளி மைதானத்தில் கார்டிஃப் அணியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார்கள். அது லீக்கிலிருந்து தனி, எல்லாத் தட்டு அணிகளும் மோதும், தோற்றால் வெளியே போகும் போட்டி. கோல் போட்டவர் நைஜீரியாவின் கானு. அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியின் ஏ.சி. மிலான் ஃப்ராட்டன் பார்க்குக்கு வந்து 2-2 என்று டிரா செய்துவிட்டுப் போனது. மிலானுக்காக உலகப் புகழ் பெற்ற பிரேசில்காரர் ரொனால்டினோ ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார். 20,000 பேர் கொள்ளும் மைதானத்தில் ரொனால்டினோ! ஊர்க்காரர்களுக்குக் கனவு மாதிரி இருந்திருக்கும்.

கணக்குக்காரன் கண்ணுக்கு இது வேறு மாதிரி தெரியும். இவ்வளவு சின்ன மைதானத்தில் டிக்கெட் விற்று, இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மீதியை முதலாளி போட வேண்டும், அல்லது வங்கி போட வேண்டும். முதலாளி கையை இழுத்துக்கொண்டார், வங்கி கடனைத் திருப்பிக் கேட்டது. அப்புறம் என்ன, வீட்டில் பாத்திரத்தை விற்கிற கதைதான். டிஃபோ போனார், டியாரா ரியல் மாட்ரிட் போனார். 2009 கோடையில் கிளென் ஜான்சன் லிவர்பூலுக்கு, க்ரவுச்சும் கிரான்சாரும் டாட்டன்ஹாமுக்கு, டிஸ்டான் எவர்டனுக்கு. விற்ற பணம் புது ஆட்டக்காரர்களாகத் திரும்பி வரவில்லை. பெரும்பகுதி கடனுக்கே போனது.

அந்த நிலையில் 2009-10 பருவம் தொடங்கியது. முதல் 7 லீக் ஆட்டமும் தோல்வி. அக்டோபர் முதல் தேதி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வரவில்லை. கால்பந்து உலகத்திலேயே அதிக டிவி பணம் புரளும் லீக்கில், மாசச் சம்பளம் வரவில்லை! அதற்கு இரண்டு நாள் கழித்து வுல்வர்ஹாம்ப்டனுக்குப் போய் 1-0 என்று ஜெயித்தார்கள். பருவத்தின் முதல் வெற்றியே சம்பளம் வராத வாரத்தில்தான். வயிற்றெரிச்சலில் ஆடினார்களோ என்னவோ.

முதலாளிகளை விரல்விட்டு எண்ணுங்கள். பருவம் தொடங்கியபோது கய்டமாக். ஆகஸ்ட் கடைசியில் துபாயைச் சேர்ந்த சுலைமான் அல் ஃபாஹிம். அவர் பெயர் பத்திரிகைகளுக்குப் பழக்கம். முந்தின வருஷம் அபுதாபி மான்செஸ்டர் சிட்டியை வாங்கியபோது முன்னால் நின்று பேசியவர். ஆனால் இங்கே அவர் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஆறு வாரத்தில் பெரும்பங்கு கைமாறி, சவூதி அரேபியாவின் அலி அல் ஃபராஜிடம் போனது. இவரை ஃப்ராட்டன் பார்க்கில் யாரும் பார்த்ததாகவே இல்லை. ரசிகர்கள் ‘அல் மிராஜ்’ என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் சொன்னால், கானல் நீர் முதலாளி. அவருக்குக் கடன் கொடுத்திருந்தவர் ஹாங்காங் தொழிலதிபர் பல்ராம் சைன்ராய். தவணை வராததால் 2010 பிப்ரவரியில் அவர் கிளப்பையே எடுத்துக்கொண்டார். ஆக ஒரே பருவத்தில் நாலு முதலாளி. இவர்களில் மூன்றாமவர் தோன்றாத் துணை, நான்காமவர் கடன்காரர்.

இதற்கிடையில் வரித்துறை, கிளப்பை இழுத்து மூடச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தது. அந்தக் கத்தி கழுத்தில் இறங்குவதற்குள், பிப்ரவரி 26ஆம் தேதி கிளப், நொடித்த நிறுவனங்களை ஏற்று நடத்தும் நிர்வாகி ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. நம் ஊரில் கடை நொடித்தவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்போமே, ஏறக்குறைய அந்த நிலை. ஒரு வித்தியாசம், கடையை மூடாமல் நடத்திக்கொண்டே கடன்காரர்களோடு பேரம் பேசலாம். பிரீமியர் லீக்கில் இருந்துகொண்டே இந்த நிலைக்கு வந்த முதல் கிளப் இதுதான். அதற்கான தண்டனைதான் அந்த 9 புள்ளி. மார்ச்சில் வெட்டினார்கள்.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு. அந்த 9 புள்ளியால்தான் அடுத்த தட்டுக்குக் கீழே இறங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அவர்களுக்கு மேலே இருந்த ஹல், பர்ன்லி இரண்டு அணிகளுக்கும் 30 புள்ளி. தப்பித்த வெஸ்ட் ஹாமுக்கு 35. 28ஐ அப்படியே விட்டிருந்தாலும் போர்ட்ஸ்மவுத்துக்குக் கடைசி இடம்தான். ஆனால் 30 புள்ளிகூட எடுக்க ஏன் முடியவில்லை என்று கேட்டால், மறுபடியும் கணக்குப் புத்தகத்துக்குத்தான் வர வேண்டும்.

அந்த மார்ச்சில் 85 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆட்டக்காரர்களை அல்ல, அலுவலகத்திலும் மற்ற இடங்களிலும் வேலை பார்த்தவர்களை.

அருணா டிண்டான் என்ற ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரரின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரான்சின் லான்ஸ் கிளப்பிலிருந்து இரவலாக வந்தவர். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. இத்தனை ஆட்டத்துக்கு மேல் இறக்கினால் அவரை விலைக்கே வாங்கியாக வேண்டும்; விலை பல லட்சம் பவுண்டு. எல்லை நெருங்கியது. மனிதர் நல்ல உடல்நிலையில் இருக்கிறார், பயிற்சி செய்கிறார், அணிக்கோ கோல் போட ஆள் இல்லை. ஆனால் களத்தில் இறக்க முடியாது. இறக்கினால் மீட்டர் ஓடிவிடும். ஆட்டோவில் பெட்ரோல் இருந்தும் தள்ளிக்கொண்டு போவது மாதிரி. மேனேஜர் ஆவ்ரம் கிராண்ட் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அணித் தேர்வு அவர் கையிலா, கணக்கர் கையிலா? கடைசியில் லான்ஸ் கிளப் மனமிரங்கி, கோப்பை ஆட்டங்களில் ஆட விட்டது.

ஆமாம், கோப்பை. அதைச் சொல்லாமல் விட்டேனே. லீக்கில் மூழ்கிக்கொண்டிருந்த இதே அணி எஃப்.ஏ. கோப்பையில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. பங்காளி ஊரான சௌதாம்ப்டனுக்கே போய் 4-1 என்று அடித்தார்கள். சௌதாம்ப்டனும் அப்போது இதே நோயில் விழுந்து எழுந்த கிளப்தான். அந்தப் பருவத்தை மைனஸ் 10 புள்ளியில் தொடங்கி இரண்டு தட்டு கீழே ஆடிக்கொண்டிருந்தது. கடல் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர், ஜென்மப் பகை, இருவர் வீட்டிலும் ஒரே மஞ்சள் கடுதாசி.

2010 ஏப்ரல் 10, சனிக்கிழமை. வேறு ஊரில் வெஸ்ட் ஹாம் சண்டர்லாந்தை வென்றது. அந்த முடிவோடு, ஆடாமலே போர்ட்ஸ்மவுத் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஏப்ரல் 11, ஞாயிறு. வெம்பிளியில் டாட்டன்ஹாமுடன் அரையிறுதி. எதிர் அணியின் மேனேஜர், 2008இல் இவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ரெட்னாப். இவர்களிடமிருந்து போன ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம். கூடுதல் நேரம் வரை கோல் இல்லை. 99ஆவது நிமிஷம் டாட்டன்ஹாம் தடுப்பாட்டக்காரர் மைக்கேல் டாசன் புல்லில் வழுக்கி விழுந்தார், பிகியோன் பந்தை உள்ளே தள்ளினார். பிறகு கெவின் பிரின்ஸ் போட்டெங் ஒரு பெனால்டி. 2-0. முந்தின நாள் எழவு, மறுநாள் கல்யாணம். மணியும் மேளமுமாக அந்த ரசிகர்கள் பாடியது அதே கடிகாரப் பாட்டு.

மே 15, இறுதி ஆட்டம், எதிரே செல்சீ. முதல் பாதியில் மட்டும் செல்சீயின் பந்து ஐந்து முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸுக்கு 39 வயது. பிறகு இவர்களுக்கே பெனால்டி கிடைத்தது. போட்டெங் அடித்தார், பீட்டர் செக் காலால் தடுத்துவிட்டார். சில நிமிஷத்தில் த்ரோக்பாவின் ஃப்ரீ கிக், 0-1. ரன்னர் அப் என்ற முறையில் ஐரோப்பிய லீக்கில் ஆட இடம் இருந்தது. கணக்கு வழக்கு சரியில்லாத கிளப்புக்கு உரிமம் கிடையாது என்று அதுவும் போனது. அந்த இடம் லிவர்பூலுக்கு.

செல்சீ என்றதும் இன்னொன்று. அந்தப் பருவத்தில் போர்ட்ஸ்மவுத்துக்கு வர வேண்டிய டிவி பணத்தை பிரீமியர் லீக் பிடித்து வைத்து, இவர்களுக்கு ஆட்டக்காரர்களை விற்ற கிளப்புகளின் பாக்கியை நேரடியாக அடைத்தது. வாங்கிக்கொண்ட கிளப்புகளில் செல்சீயும் ஒன்று.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு. கிளப் நொடித்தால், மற்ற கிளப்புகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் உள்ள பாக்கியை முழுசாக அடைத்தாக வேண்டும். இல்லையென்றால் லீக்கில் ஆட இடமில்லை. மற்றவர்களெல்லாம் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். போர்ட்ஸ்மவுத்தின் கடன் 10 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. பந்திக்கு முந்தியவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மற்றவர்களுக்குச் சொன்ன ஒப்பந்தம்: ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ், அதுவும் 5 வருஷத்தில். நம் கணக்கில் ரூபாய்க்கு 20 பைசா.

அந்த வரிசையின் பின்னால் யார் நின்றார்கள்? வரித்துறை ஒருவர், அவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஊரின் சின்னச் சின்ன வியாபாரிகள். அப்புறம் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ். இந்தப் பெயரைக் கேட்டவுடன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்டம் நடக்கும்போது கேலரி ஓரத்தில் முதலுதவிப் பெட்டியோடு நிற்கும் தொண்டர்கள். யாராவது மயங்கி விழுந்தால் ஓடுபவர்கள். ஒரு வாரத்தில் ஆட்டக்காரர் ஒருவர் வாங்கியதோடு வைத்துப் பார்த்தால், அவர்களுக்குத் தர வேண்டியது சில்லறைக் காசு. அந்தச் சில்லறைக்குத்தான் 20 பைசா கணக்கு.

ஆட்டக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. ஒப்பந்தப்படி உழைத்தார்கள், கூலி கேட்டார்கள். விதிக்கு ஆதரவான வாதமும் எனக்குத் தெரியும்: ஒரு கிளப் பாக்கி வைத்தால் அடுத்த கிளப்பும் சாயும், சீட்டுக்கட்டு மாதிரி லீக்கே விழும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கணக்கு எழுதிய கைக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தால் கூசுகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல் இன்னொரு முதலாளி வந்து, அந்த வருஷமே அவருடைய நிறுவனம் கவிழ்ந்தது. அந்த 20 பென்ஸ் முழுசாக வந்து சேருவதற்குள், 2012 பிப்ரவரியில் இரண்டாவது மஞ்சள் கடுதாசி. அடுத்தடுத்து இரண்டு இறக்கம். வெம்பிளி இறுதி ஆட்டம் ஆடி மூன்று வருஷத்தில் நாலாவது தட்டு. 2013 ஏப்ரலில் ரசிகர்களே அறக்கட்டளை அமைத்து, ஆளுக்கு 1000 பவுண்டு பங்கு போட்டு கிளப்பை வாங்கினார்கள். கூட்டுச் சேர்ந்து வாங்கியவர்களும் இருந்தார்கள்.

வாங்கியவர்கள் தலையில் என்ன விழுந்தது தெரியுமா? பழைய ஆட்டக்காரர்களின் பாக்கி. அதே விதி. என்றோ விளையாடிவிட்டுப் போனவர்களுக்குத் தர வேண்டியதைப் புது உரிமையாளர்களான ரசிகர்கள் அடைக்க வேண்டியிருந்தது. 2014இல் அடைத்து முடித்தார்கள். 2017இல் நாலாவது தட்டின் சாம்பியன் ஆனார்கள். அதே ஆண்டு, முன்பு டிஸ்னி நிறுவனத்தை நடத்திய மைக்கேல் ஐஸ்னர் கேட்டபோது, ஓட்டெடுத்து அவருக்கு விற்றார்கள். நான் அங்கே இருந்திருந்தால் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டிருப்பேன். பெரும்பான்மை வேறு மாதிரி நினைத்தது. 2024இல் மூன்றாவது தட்டிலும் சாம்பியனாகி இரண்டாவது தட்டுக்கு ஏறினார்கள்.

அங்கிருந்து ஒரு படி ஏறினால் பிரீமியர் லீக். மைதானம் அதே ஃப்ராட்டன் பார்க்தான், அதே சுமார் 20,000 இடம்தான். பிரீமியர் லீக்கில் கேட்கும் சம்பளம் மட்டும் 2010ஐவிடப் பல மடங்கு.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஆறுவதற்குள் குடித்துவிடுவோம். கேள்வி இருப்பவர்கள் அங்கேயே கேளுங்கள், நான் இருக்கிறேன்.