கலவன் என்று பிடுங்கி எறியாதவர்

(விதைத் திருவிழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு என்னுடையது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது என்று தெரியும். ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

விதைநெல் வயலில் கலவன் எடுப்பது உங்களுக்குப் புதிதில்லை. பூக்கும்போது ஒரு தடவை, கதிர் முற்றும்போது ஒரு தடவை இறங்கிப் பார்ப்போம். உயரமோ நிறமோ மாறித் தெரிகிற பயிரை வேரோடு பிடுங்கி எறிவோம். விட்டால் விதை கெட்டுவிடும், அதனால் அது சரியான வேலைதான். 1983இல் ஒருவர் தன் வயலில் அப்படி மூன்று கதிர்களைப் பார்த்தார். பிடுங்கி எறியவில்லை. தனியாக அறுத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டில் பத்திரப்படுத்தினார்.

அவர் பெயர் தாதாஜி ராமாஜி கோப்ரகடே. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், சந்திரப்பூர் மாவட்டத்தில், நாந்தேட் என்ற சின்னக் கிராமம். குருத்வாரா இருக்கிற பெரிய நாந்தேடு நகரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். தலித் குடும்பம், அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவியவர்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நிலமும் கையகலம்தான்.

அந்த வயலில் அவர் போட்டிருந்தது பட்டேல் 3 என்ற ரகம். அதற்கு நடுவே நிறம் மாறித் தெரிந்த மூன்று கதிர்கள். அடுத்த வருஷம் வயலின் நடுவில் சில அடி இடத்தில் மட்டும் அந்த நெல்லை விதைத்தார். காட்டுப்பன்றி வந்துவிடாமல் சுற்றிலும் முள் வேலி வைத்தார். சிரிக்காதீர்கள், அந்த முள் வேலிக்குள்ளே இருந்ததுதான் அவருடைய ஆராய்ச்சி நிலையம்.

நெல் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் பயிர். அதனால் தனியாகப் பிரித்த கதிரை வருஷா வருஷம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி விதைத்தால், சில பருவங்களில் குணம் நிலைத்துவிடும். விஞ்ஞானியும் இதைத்தான் செய்கிறார். அவருக்குச் சம்பளம் உண்டு, தாதாஜிக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து வருஷம் அவர் பொறுக்கினார். அரிசி சன்னமாக வந்தது, சோறு ருசித்தது, விளைச்சலும் பட்டேல் 3ஐ விடக் கூடியது.

1990இல் அதே ஊரில் நிலபுலம் உள்ள ஒருவர் 150 கிலோ விதை வாங்கி நான்கு ஏக்கரில் போட்டார். விளைந்த நெல் தலோதி சந்தைக்குப் போனது. என்ன ரகம் என்று வியாபாரி கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லை. அந்தக் காலத்தில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் என்றால் தனி மவுசு. நம் ஊரிலும் மாப்பிள்ளைக்கு அதைத்தானே போட்டோம்! வியாபாரி எச்.எம்.டி. என்றே பெயர் வைத்துவிட்டார். இன்றைக்கு மகாராஷ்டிரத்தின் விதர்பாவிலும் சத்தீஸ்கரிலும் தெலங்கானாவிலும் மூட்டையின் மேல் நிற்கும் பெயர் அதுதான். கண்டுபிடித்தவர் பெயர் இல்லை, ஊர் பெயரும் இல்லை, கடிகாரக் கம்பெனியின் பெயர்.

1994இல் சிந்தேவாஹி நெல் ஆராய்ச்சி நிலையம் அவரிடமிருந்து விதை வாங்கிப் போனது. 1998இல் அகோலா வேளாண் பல்கலைக்கழகம் தன் பெயர்ச் சுருக்கத்தை முன்னால் சேர்த்து, பி.கே.வி.-எச்.எம்.டி. என்று ஒரு ரகத்தை வெளியிட்டது. நாங்கள் தூய்மைப்படுத்திய ரகம் என்றார்கள். தூய்மைப்படுத்தியிருக்கலாம், அதுவும் வேலைதான். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டியவர் தாயாகிவிட முடியுமா? விவசாயியும் தன் ரகத்தைப் பதிவு செய்யலாம் என்ற சட்டம் 2001இல்தான் வந்தது. அதற்குள் அவருடைய நெல் ஊர் ஊராகப் பரவிவிட்டது.

இதற்கு நடுவில் வீட்டுக் கதையையும் கேளுங்கள். குடும்பத்தில் நோய் வந்தது. வைத்தியச் செலவுக்கு நிலத்தை விற்றார்கள். பிறகு உறவினர் ஒருவர் கொடுத்த ஒன்றரை ஏக்கரில்தான் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. ஊர் ஊராக எச்.எம்.டி. போட்டவர்கள் நெல் விற்றுப் பணம் பார்த்தபோது, இந்த வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாராட்டு வராமல் இல்லை. 2005இல் தேசிய புத்தாக்க நிறுவனத்தின் விருதை நம் அப்துல் கலாம் அய்யா, குடியரசுத் தலைவராக, அவர் கையில் கொடுத்தார். 2010இல் போர்ப்ஸ் பத்திரிகை இந்தியாவின் செல்வாக்கு மிக்க கிராமப்புறத் தொழில்முனைவோர் பட்டியலில் சேர்த்தது. தொழில்முனைவோராம்! மாநில அரசும் ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தது. கஷ்டத்துக்கு அதை விற்கலாம் என்று எடுத்துப்போனால், அசல் தங்கம் இல்லை என்று தெரிந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை, செய்தித்தாளில் வந்த சங்கதி. கடைசியில் பக்கவாதம் வந்து படுத்தார். 2018 ஜூன் 3ஆம் தேதி, எழுபத்தொன்பது வயதில் காலமானார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். எச்.எம்.டி.யோடு அவர் நிற்கவில்லை. பொறுக்குகிற பழக்கம் விடவில்லை, மேலும் பல ரகங்களைப் பிரித்தெடுத்தார். இந்தத் தடவை பெயர் வைக்கிற வேலையைச் சந்தை வியாபாரியிடம் விடவில்லை. நாந்தேட் 92, நாந்தேட் ஹீரா, விஜய் நாந்தேட் என்று ஊர் பெயரைச் சேர்த்தார். இன்னொரு ரகத்துக்கு டி.ஆர்.கே. என்று வைத்தார். தாதாஜி ராமாஜி கோப்ரகடே. மராட்டியர் வழக்கப்படி நடுவில் நிற்கும் ராமாஜி, அவருடைய அப்பா.

சரி, இலை காய்கிறது. வாருங்கள், சாப்பிடப் போகலாம்.