வலியும் சிரத்தையும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரில் செவிலியர் பயிற்சி பெறும் மாணவியருக்கு நெடுங்காலமாக ஆங்கிலம் கற்பித்து வருபவள் நான். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் இந்தப் பெண்களுக்கு இரண்டு வகைச் சொற்கள் கட்டாயம் கைவர வேண்டும். சிரத்தையோடு வேலை செய்வதைக் குறிக்கும் சொற்கள் ஒரு வகை. உடம்பின் உபாதையைக் குறிக்கும் சொற்கள் மற்றொரு வகை. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒட்டிப் பிறந்தவை. அந்த உறவைத் தெரிந்துகொண்டு படிக்கிறவருக்கு இரண்டுமே மறப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து.

'பெயின்ஸ்டேக்கிங்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். புதிதாக வாசிப்பவர்கள் 'பெயின்' என்று நிறுத்திவிட்டு, 'ஸ்டேக்கிங்' என்று தொடர்வார்கள். அப்படிப் பிரித்தால் பொருள் கிடைக்காது. 'பெயின்ஸ்' என்பது ஒரு சொல், 'டேக்கிங்' என்பது மற்றொரு சொல். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பெயின்ஸ், டேக்கிங். பாடுகளைத் தானாக முன்வந்து ஏற்றுக்கொள்வது என்று அதற்குப் பொருள். 'பெயின்' என்ற சொல்லின் வேர், தண்டனையைக் குறிக்கும் 'பொய்னா' என்ற லத்தீன் சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தண்டனையிலிருந்து வேதனைக்கும், வேதனையிலிருந்து ஒருவர் விரும்பி எடுத்துக்கொள்ளும் சிரமத்துக்கும் நகர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஸ்க்ரூபுலஸ்'. இம்மியும் பிசகாமல் நடந்துகொள்பவரை அப்படிச் சொல்வார்கள். இதன் மூலமான 'ஸ்க்ரூபுலஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குக் கூரான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் அடிக்கு அடி உறுத்துமே, அந்த உறுத்தல்தான் மனச்சாட்சியின் உறுத்தலுக்கும் பெயராயிற்று. அதே சொல் மருந்துக் கடைக்காரரின் தராசிலும் ஏறியது என்பதை என் மாணவியரிடம் நான் சொல்லாமல் விட்டதே இல்லை. மெட்ரிக் அளவை பரவுவதற்கு முன்பு ஐரோப்பிய மருந்தாளர்கள் பயன்படுத்திய எடைகளுள் ஒன்று 'ஸ்க்ரூபிள்'. ஆங்கிலேயர் கணக்கில் அது 20 கிரெயின், அதாவது ஏறக்குறைய 1.3 கிராம். மருந்தை அளந்து கொடுக்கும் செவிலியர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் வேறு உண்டா? நுணுக்கம் தவறாமல் வேலை செய்வதைக் குறிக்கும் 'மெட்டிகுலஸ்' என்பதும் அச்சத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்ததே. 'கேர்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் துயரத்தையே குறித்தது.

இனி உபாதைக்கு வருகிறேன். அல்சூரைச் சேர்ந்த தமிழ் மூதாட்டி ஒருவர், வார்டில் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரியெல்லாம் குடையுதும்மா, காலைல எழுந்தா கால் மடக்க வரல, வெறைச்சுக்குது" என்றார். பயிற்சி மாணவி குறிப்பேட்டில் 'பெயின்' என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட்டாள். அந்த அம்மாள் சொன்னது ஒன்றா? இரவில் விடாத குடைச்சல் ஒன்று, காலை விறைப்பு மற்றொன்று. 'ஸ்டிஃப்னஸ்' என்று எழுதியிருந்தால் மருத்துவர் அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கேட்டிருப்பார். மூட்டு நோய்களைப் பிரித்தறிய அந்தக் கேள்வி முக்கியம்.

குடைச்சலுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 பிரிவுகளாக அடுக்கப்பட்டுள்ளன. அதில் 'போரிங்' என்று ஒரு சொல் இருக்கிறது. சலிப்பு என்ற பொருளில் நாம் அறிந்த சொல் அன்று. நிலத்தில் போர் போடுகிறோமே, அந்தத் துளைத்தல். நம்முடைய குடைச்சல் அதுவேதான். விண்விண்ணென்று தெறிப்பது 'த்ராபிங்', சுருக்கென்று குத்துவது 'ஸ்டாபிங்', காந்துவது 'பர்னிங்'. நம் வீட்டுப் பெரியவர்கள் இத்தனை நுட்பமாகச் சொல்லும்போது, உடன் செல்லும் பிள்ளைகள் எல்லாவற்றையும் 'பெயின்' என்று சுருக்குவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. மருத்துவரிடம் பெரியவர் சொன்னபடியே சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் எங்கே, எப்போது, விட்டுவிட்டு வருகிறதா என்று விளக்கிச் சொல்லுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வயிற்று உபாதைகளை விட்டுவிட்டு, அசௌகரியத்தைக் குறிக்கும் 'டிஸ்கம்ஃபர்ட்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பொறுத்தவரை அது சிறிய சொல் அன்று. மாரடைப்பு வந்தவர்களில் பலர் வலி என்று சொல்வதில்லை. "அடைக்குது", "பாரமா இருக்கு", "இறுக்கிப் பிடிக்குது" என்பார்கள். கூடவே வியர்வையோ, மூச்சுத் திணறலோ, தோளுக்கும் தாடைக்கும் பரவும் இழுப்போ இருந்தால், வலிதான் இல்லையே, வாயுவாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். வணக்கம்.