சமையலறை வாசலில் ஒரு தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் தினசரி காலண்டர். மற்றொன்றில், நான் பல ஆண்டுகளுக்கு முன் கதை படிக்க வாங்கிய ஆறங்குல மின்நூல் வாசிப்பான். பொத்தான் ஒன்று பழுதாகி அலமாரியில் கிடந்த அந்தக் கருவியைத்தான் இன்று வீட்டில் எல்லோரும் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறோம்.

என் அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. இன்று தண்ணீர் நாளா என்று பார்க்க அவர் கைபேசியை எடுப்பார், மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், கடைசியில் "நீயே படித்துச் சொல்" என்று என்னிடம் நீட்டிவிடுவார். தம் வீட்டுச் சங்கதிக்காக அவர் என்னைக் கேட்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் அந்தப் பழைய வாசிப்பானையே அன்றன்றைய தகவல் காட்டும் பலகையாக மாற்றினேன்.

இந்தத் திரை கைபேசித் திரையைப் போன்றதன்று. 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்திலிருந்து கிளம்பியவர்கள் தொடங்கிய ஈ இங்க் நிறுவனம் வளர்த்தெடுத்த நுட்பம் இது. மயிரிழை அளவே உள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்சாரம் ஒரு நொடி தொட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்புறம் மின்சாரம் தேவையில்லை. போட்ட கோலம் போல எழுத்து அப்படியே நிற்கும். தானாக ஒளிர்வதில்லை, அதனால் கண்ணும் கூசுவதில்லை. சுவரில் ஒட்டிய தாளைப் படிப்பது போலத்தான்.

செய்முறை எளிது. வீட்டில் எப்போதும் ஓடும் சிறு கணினி ஒன்று, மணிக்கு ஒரு முறை, 600க்கு 800 புள்ளி அளவில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வரைகிறது. வாசிப்பான் விழித்து, வைஃபை வழியாக அதை வாங்கிக் காட்டிவிட்டுத் தூங்கிவிடுகிறது. இதற்கு முன், நம் நிரல்களை ஓடவிடாமல் தடுக்கும் அதன் மென்பொருள் பூட்டைத் திறக்கவேண்டும். வழி மாடலுக்கு மாடல் வேறுபடும், தவறினால் கருவி விழிக்காமலே போகலாம். ஆகவே பழையதில் மட்டும் செய்யுங்கள்.

என்னைத் திணறடித்தது தமிழ்தான். திங்களன்று எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் 'செவ்வாய்' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு வலப்புறம் போய் நின்றது. படம் வரையும் நிரலுக்கு எழுத்துகளை வரிசையாக அடுக்கத் தெரிந்ததே தவிர, நம் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும் என்பது தெரியவில்லை. எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் ராக்ம் என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் கணினியில் நிறுவிய பிறகுதான் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அன்று இரவு, நிம்மதியாக, ஏழு கிழமைகளையும் வரிசையாக வரவழைத்துப் பார்த்தேன்.

இன்னொரு சிக்கலை எதிர்பார்க்கவே இல்லை. மின்கலம் தீர்ந்தாலும் எழுத்து நிற்கிறது அல்லவா? ஒரு சனிக்கிழமை மின்கலம் செத்துவிட்டது. திரையோ 'இன்று தண்ணீர் வரும்' என்று ஞாயிறு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா அண்டாவைக் கழுவி வைத்துக்கொண்டு மதியம் வரை காத்திருந்தார். அதிலிருந்து, கடைசியாகப் புதுப்பித்த நாளும் மணியும் திரையின் கீழ் ஓரத்தில் தெரியும்படி செய்தேன். நீங்கள் செய்தால் முதலில் அதைச் சேருங்கள். பின்மூடி சற்றே உப்பினாலும் உடனே கழற்றி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய லித்தியம் மின்கலத்தைச் சுவரில் விட்டுவைக்கக் கூடாது.

இப்போது அதில் கிழமை, தண்ணீர் முறை, மழை வாய்ப்பு, ராகுகாலம், அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை வேளை ஆகியவை பெரிய எழுத்தில் வருகின்றன. காலையில் காபியோடு வந்து நின்று, தாமே வாய்விட்டுப் படிக்கிறார். பிரதோஷ நாளையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் சேர்க்கப் போகிறேன்.

வணக்கம்.