யாருமே ஜெயிக்காத விளையாட்டுக்கு என்ன சமூக முக்கியத்துவம்?

"டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல யாரும் ஜெயிக்கிறதே இல்லையாமே, அப்புறம் அதுல என்ன பெரிய சமூக முக்கியத்துவம்?"னு ஒருத்தர் கேட்டிருக்கார். யாரும் ஜெயிக்காததுதாங்க விஷயமே.

மேசையைச் சுத்தி உக்காந்து, எல்லாரும் பேசிப் பேசியே ஒரு கதையை நகர்த்துற விளையாட்டு இது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கினது, 1974-ல வந்துச்சு. அதுக்கு முந்தின போர் விளையாட்டுகள்ல ஒரு ஆள் ஒரு படையையே நகர்த்துவார். இதுல ஆளுக்கு ஒரே ஒரு கதாபாத்திரம். பக்கத்துல உக்காந்திருக்கிறவர் எதிரி இல்ல, கூட்டாளி.

"காவலாளிகிட்ட பொய் சொல்லிட்டு கோட்டைக்குள்ள போறேன்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. கதையை நடத்துறவர், அதாவது டிஎம், இலக்கு 15னு வைக்கிறார். 20 முகப் பகடையை உருட்டி, விழுற எண்ணோட பொய் சொல்ற திறமைக்காக 5 கூட்டிக்கணும். அப்போ 10 இல்ல அதுக்கு மேல விழணும், 55 சதவீத வாய்ப்பு. விழுந்தது 9. இங்கதான் புது டிஎம் சொதப்புவாங்க. "விடமாட்டான்"னு முடிச்சுட்டா கதை அந்த வாசல்லயே நின்னுடும். "உள்ள விடுறான், ஆனா தலைவனுக்கு ஆள் அனுப்பிட்டான்"னு சொல்லிப் பாருங்க, மேசையில இருக்கிற அத்தனை பேரும் அடுத்து என்னன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க. அந்தப் பேச்சுதான் விளையாட்டே.

இதைப் பார்த்து பயந்தவங்களும் உண்டு. 1980-கள்ல அமெரிக்காவுல சாத்தான் வழிபாடுன்னே கிளப்பி விட்டாங்க. விஸ்கான்சின்ல ஒரு சிறை, டிஎம் சொல்றதை மத்தவங்க கேக்குறது ரவுடிக் கும்பல் மாதிரி இருக்குன்னு தடை போட்டுச்சு; 2010-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும்னுடுச்சு. இந்த விளையாட்டு முதல்ல வெளியானதும் அதே மாநிலத்துலதான்! டிஎம்முக்கு அதிகாரம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஆடுறவங்க எழுந்து போயிட்டா அந்த அதிகாரம் அன்னைக்கே காலி.

அதனாலதான் முதல் ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து பேசிக்கச் சொல்றோம். சித்திரவதை, குழந்தைகளுக்கு ஆபத்து, இதெல்லாம் கதையில வரலாமா, வரவே கூடாதா? எழுதியே வெச்சுக்குங்க. மேசை நடுவுல எக்ஸ் போட்ட அட்டை ஒண்ணு. யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுட்டு மேல போயிடணும். "ஏன் தொட்டே?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க, அடுத்த தடவை யாரும் தொடமாட்டாங்க.